வெள்ளிக்கிழமை மின்னும் விளக்கு

மாட்டுத்தாவணியில் சாமிக்குப் பூ வாங்கிக்கொண்டு மேலூர் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் ஒரு டாக்சிக்காரர், காரை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு மைத்துனரோடு வந்துகொண்டிருந்தார்.

“வெள்ளிக்கிழமை மட்டுந்தான் மாப்ள அந்த எஞ்சின் லைட்டு மினுக்கு மினுக்குன்னு மின்னுது. வண்டியும் திக்குது. மறுநா ஒண்ணுமே இல்ல.”

“அதான் சாமிக்கு ஆகாத வண்டின்னு விக்கப் போறீங்களாக்கும்.”

“அப்படித்தான் இருந்தேன். இன்னைக்கு மெக்கானிக்கு ஸ்பார்க் பிளக்கக் கழட்டுனா ஒரே ஈரம். மோந்து பார்த்தா மஞ்ச வாசம்.”

“மஞ்சளா?”

“வீட்டுக்குப் போன் போட்டேன். எல்லாம் ஒங்கக்காதான். வெள்ளிக்கிழமையானா நான் எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே பானெட்டத் தொறந்து மஞ்சத்தண்ணி ஊத்தியிருக்கா. நான் பத்திரமா வீடு வந்து சேரணுமாம். எஞ்சின்தானே வண்டிக்கு உசுரு, அதான் அங்க ஊத்துனேங்கிறா.”

மைத்துனர் சிரித்தார். “இனிமே ஊத்தாதன்னு சொல்லிட்டீங்களா?”

“அத எப்படிச் சொல்ல? டயருக்கு ஊத்துன்னு சொல்லிட்டேன்.”

“அப்ப வண்டிய விக்கலையா?”



“இம்புட்டு நாளா எனக்கே தெரியாம எனக்காகக் கும்பிட்டிருக்கா மாப்ள. அந்த வண்டிய எப்படி விக்க?”

பூப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முகம் தெரியாத அந்த அம்மாவை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.