சட்டை போட்டிருக்கியா

"கொறை எனக்குத்தான்னு இத்தன வருசமா கோயில் கோயிலாக் கூட்டிட்டுப் போனீக."

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ் இன்னும் கிளம்பவில்லை. முன் சீட்டிலிருந்த பெண் கணவனிடம் மெல்லத்தான் சொன்னாள். பின்னாலிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"மெதுவாப் பேசு புள்ள."

"டாக்டரம்மா என்ன சொன்னாக? ஒங்களுக்கு உயிரணு ரொம்பக் கம்மியா இருக்கு, பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்தும் காரணமா இருக்கலாம்னாக. வெறும் ஒடம்போட நின்னு அடிப்பீகளான்னு கேட்டாகல்ல?"

"சட்டையில பட்டா எத்தன தடவ தொவைச்சாலும் நாத்தம் போகலன்னு நீதான கழட்டிப் போட்டுட்டு அடிக்கச் சொன்ன."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டிரைவர் ஏறி உட்கார்ந்ததும் கணவன் பக்கம் திரும்பினாள்.

"இனிமே நீங்க மருந்துப் பக்கமே போக வேண்டாம்."

"போகல. இன்னைக்குத் தம்பியத்தான் அடிக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"அவருக்கு ஆவணியில கல்யாணம்."

பஸ் நகர்ந்தது. அவர் போனை எடுத்துக் காதில் வைத்து, தம்பி எடுத்ததும் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார்:

"ஏலே, அந்த மருந்து டேங்க எறக்கி வை. சட்டை போட்டிருக்கியா?"