எம்.காம். படிக்கப் போகாத லெஸ்லி

காப்பி ஆறிவிடும், முதலில் குடியுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. கொட்டை நானே வறுத்தது.

லெஸ்லி என் தம்பி. அம்மா தவறியபோது கைக்குழந்தை. அப்பாவுக்கு ரயிலில் வேலை, எந்நேரமும் ரயிலோடு போய்விடுவார். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவனைத் தூக்கி வளர்த்தவள் நான்தான். எனக்கு வந்த வரன்களையெல்லாம் அவனுக்காகவே வேண்டாமென்றேன்.

பம்பாயில் பி.காம். முடித்து முப்பத்திரண்டாம் வருஷம் திரும்பியதும், லண்டனில் எம்.காம். என்று ஆரம்பித்தான். வியாபாரத்தைப் படிக்கக் கப்பலேற வேண்டுமா, கிள்ளான் பாசாரில் மீன் விற்கும் அய்யாவு எந்த யுனிவர்சிட்டிக்குப் போனான் என்று கேட்டேன். சிரித்தான். ஆனால் பெட்டி வாங்கிவிட்டான். பக்கத்து வீட்டு கிரிகரியின் மகனும் இப்படித்தான் போனான். கிறிஸ்மஸுக்கு ஒரு வெள்ளைக்காரியோடு எடுத்த படம் மட்டும் வந்தது.

கப்பலேறுமுன் டாக்டர் இமையைப் புரட்டிப் பார்ப்பார், தெரியுமல்லவா? லெஸ்லிக்கு அந்த வாரம் கண்நோய். ஏற்ற முடியாதென்று துறைமுகத்திலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார். அதில் என் கை இல்லை, மாதா சாட்சி. மனம் குளிர்ந்து ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். காலையும் மாலையும் என் மடியில் தலைவைத்துப் படுப்பான்; நான் விடுவேன். பாழாய்ப்போன மருந்து நன்றாகவே கேட்டது.

"சிவப்பு போயிடுச்சு அக்கா. அடுத்த கப்பல்ல போயிடுவேன்," என்றான்.

ரப்பர்ப் பால் உறையவைக்கும் ஆசிட் வீட்டில் இருந்தது, பித்தளை துலக்க வைத்திருந்தேன். மருந்துப் புட்டியில் கொஞ்சம் கலந்தேன். மறுபடி சிவந்தால் போதும் என்றுதான். எரிகிறது என்றான். மருந்தென்றால் எரியத்தான் செய்யும் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டான், பாவம். அந்தக் கப்பல் போனதும் நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். அதற்கடுத்து வேறு கப்பல் வராதா? அவன் பெட்டியைப் பிரிக்கவேயில்லை.

இப்போது இரண்டு கண்ணும் போய்விட்டது. புட்டியைச் சோதித்த டாக்டர் என்னைப் பிசாசு என்றாராம். பிள்ளை வளர்த்துப் பார்த்தவரா அவர்?

ஆமாம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். அவனிடம் மட்டும் சொல்லாதீர்கள், வருத்தப்படுவான். உங்களோடு வரவும் எனக்குத் தடையில்லை. ஆனால் அவனையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன். நீங்களே யோசித்துப் பாருங்கள். கண் தெரியாத பிள்ளை. நான் இல்லாவிட்டால் அவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?