மாப்பிள்ளை காரும் கல்யாணச் சாம்பாரும்

மேலூர் பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டி கிளம்பக் காத்திருந்தபோது, முன் சீட்டிலிருந்து காதில் விழுந்தது.

“மாப்பிள்ளை கார வச்சுத்தான் தம்பி சாம்பாரே வச்சோம்.”

என் தூக்கம் போய்விட்டது. சொன்னவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு பஸ் ஏறியிருந்தார்.

“என்னண்ணே சொல்றீக?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“நம்ம காருக்கு கேஸ் கிட் மாட்டியிருக்கேன்ல? பெட்ரோலுக்குப் பதிலா சமையல் கேஸ்லதான் ஓடுது. சிலிண்டரு டிக்கியில கெடக்கும். கொட்டாம்பட்டி கல்யாணத்துல, சாம்பாரு பாதி வேகையில சமையல்காரருக்கு கேஸ் தீந்துபோச்சு. பொண்ணோட அப்பா கையெடுத்துக் கும்பிடுறாரு. கழட்டிக் குடுத்துட்டேன்.”

“மாப்பிள்ளை ஊர்வலம்?”

“அதத்தான் மறந்துட்டேன். மாப்பிள்ளை மாலையோட ஏறி உக்காந்துட்டாரு. டாங்கியில பெட்ரோலு சொட்டு இல்ல.”

“அய்யய்யோ! அப்புறம்?”

“பொண்ணு வீட்டுப் பயலுக தள்ளுனாய்ங்க. சத்தமில்ல, புகையில்ல. கோயில் சப்பரம் கணக்கா காரு அசைஞ்சு அசைஞ்சு போகுது. ஊரே வாசல்ல நின்னு பாக்குது. ‘எம்மகனுக்கு இம்புட்டு மரியாதையா’ன்னு மாப்பிள்ளையோட அம்மா அழுதுட்டாக.”

“யாரும் உண்மையச் சொல்லலையா?”

“எதுக்குச் சொல்லணும்? சாம்பாரும் அம்புட்டு ருசி. அடுத்த மகன் கல்யாணத்துக்கும் நம்ம காருதான் வேணும்னுட்டாக.”

கண்டக்டர் விசில் கொடுத்தார். கார்க்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“ஆனா இஞ்சின மட்டும் ஸ்டார்ட் பண்ணக் கூடாதாம்.”