வாழவந்தா சொம்பு

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, வெள்ளைக்காரன் நீலச் சாயம் தேடி ஊரு ஊரா அலைஞ்ச காலத்துல, இந்தக் கீழ்த்தாங்கல்ல வாழவந்தாள்னு ஒருத்தி இருந்தாளாம். புருஷன் செத்து, அண்ணன் வீட்டோட வந்துட்டவ. அண்ணன் பேரு அய்யாக்கண்ணு.

அவருதான் இந்த ஊருக்கு அவுரிச் செடியைக் கொண்டாந்தவரு. ஏரிக்கு மேலண்டை அப்பல்லாம் புல்லுக்காடு. மாடு மேயும், முயலு ஓடும். அதை உழுதாரு. உழுது அவுரி போட்டாரு. கரையோரமா ரெண்டு தொட்டி கட்டினாரு. மேல்தொட்டியில தழையை ஊறப்போடுவாங்க. ஊறின தண்ணியைக் கீழ்த்தொட்டிக்கு விட்டு, ஆளுங்க உள்ள நின்னு துடுப்பால அடிப்பாங்க. அடிச்சா நீலம் அடியில தங்கும். மிச்சம் நாத்தத் தண்ணி. அது எங்க போவும்? வாய்க்கா வெட்டி ஏரியில விட்டாங்க.

வாழவந்தாளும் அந்தத் தொட்டியில நின்னு அடிச்சவதான். முழங்காலு வரைக்கும் நீலம் ஏறி, எத்தனை தேய்ச்சாலும் போவாதாம். முப்பது குடும்பம் அந்தத் தொட்டியால சோறு தின்னுச்சு.

ஏரிக்குள்ள கடம்ப மரம் நெறைய. ஐப்பசி மழை விழுந்தா நத்தைகுத்தி நாரைங்க கூட்டமா வந்து கூடு கட்டும். நத்தை அவ்வளவு கெடைக்கும். அதுங்க எச்சம் கலந்த தண்ணி பாஞ்சா வயலுக்கு எருவே வேணாம்பாங்க.

மொத வருஷம், உழுத மண்ணு மழையில கரைஞ்சு ஏரிக்குள்ள வந்துச்சு. யாரும் கண்டுக்கலை. ரெண்டாம் வருஷம் மீனு செத்து மெதந்துச்சு. வெயிலுன்னாங்க. மூணாம் வருஷம் தை மாசம், காலு கழுவப் போன வாழவந்தா அப்படியே நின்னுட்டா. கரையோரம் பூரா நத்தை. மூடி தொறந்து, சதை வெளிய தொங்கி, ஒதுங்கிக் கெடக்குது.

மரத்துல குஞ்சுங்க கத்துது. பத்து நாள் கத்துச்சாம். தாய்ப்பறவைங்க வெறும் வாயோட வந்துச்சு, போச்சு. அப்புறம் வரவே இல்லை. குஞ்சுங்க ஒண்ணொண்ணா விழுந்துச்சு. இவ மடியில பொறுக்கிக்கிட்டுப் போயி, வயல் நண்டை நசுக்கி ஊட்டிப் பாத்தா. ஒண்ணும் பொழைக்கலை.

அண்ணன்கிட்ட போனா.

"அண்ணா, தொட்டித் தண்ணியை வேற பக்கம் திருப்பு."

"வேற பக்கம் மேடு, தண்ணி ஏறுமா? முப்பது வீட்டுல அடுப்பு எரியுது. நீ நத்தைக்கு அழுவுறியா?"

"இன்னிக்கு நத்தை. நாளைக்கு? அந்தத் தண்ணியைத்தானே நம்ம மாடு குடிக்குது, நம்ம நெல்லு குடிக்குது?"

"போம்மா, போயி வேலையப் பாரு."

அவ விடலை. ஊரைக் கூட்டினா. அய்யாக்கண்ணு எழுந்து, "விஷமா கலக்குறேன்? அது வெறும் இலைச்சாறு. பச்சிலைத் தண்ணி"ன்னாராம். தொட்டியில வேலை செய்யறவங்க எல்லாம் தலையாட்டினாங்க.

வாழவந்தா வாய்க்காலுக்குப் போயி ஒரு சொம்பு மொண்டாந்தா. அண்ணன் முன்னால வெச்சா.

"இலைச்சாறுதானேண்ணா. குடி."

அவரு தங்கச்சி மூஞ்சியப் பாத்தாரு. ஊரே பாத்துக்கிட்டு நிக்குது. சொம்பை எடுத்தாரு. அவரு எடுப்பாருன்னு இவ நெனைக்கலை. "வேணாண்ணா, கீழ ஊத்திடு"ன்னு பதறிக்கிட்டுப் புடுங்கப் போனா. அவரு அவ கையைத் தட்டிவிட்டுட்டு, ஒரே மூச்சுல குடிச்சாராம்.

அஞ்சு நாள் படுத்த படுக்கை. வாயால எடுத்தாரு, வயித்தாலயும் போச்சு. அவதான் தலைமாட்டுல உக்காந்து கஞ்சி ஊத்தினா. நாமதான் அண்ணனைக் கொன்னுட்டோம்னே நெனைச்சுக்கிட்டாளாம். ஆறாம் நாள் எழுந்தாரு. கடப்பாரையை எடுத்துக்கிட்டுப் போனாரு. வாய்க்காலை மூடினாரு, தொட்டி சுவத்தை இடிச்சாரு. யாரையும் கிட்ட விடலை. ஆனா தங்கச்சிகிட்ட சாவுற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை.

முப்பது குடும்பமும் பேசலை. வேலை போன கோவம். பாதிப் பேரு பொழைப்பு தேடி ஊரைவிட்டே போயிட்டாங்க. நாரையும் வரலை. வாழவந்தா வருஷா வருஷம் ஐப்பசியில கரையில போயி நிப்பாளாம். பதினோரு வருஷம் நின்னா. கடைசியா ரெண்டு பறவையைப் பாத்துட்டுத்தான் கண்ணை மூடினான்னு சில பேரு சொல்றாங்க. இல்லை, அவ செத்த மறுவருஷம்தான் வந்துச்சுன்னு சில பேரு சொல்றாங்க. எது நெசம்னு யாருக்குத் தெரியும்.

அதுலேருந்துதான் ஊருல இந்தக் கட்டு. ஏரிக்குள்ள யாரு எந்தத் தண்ணியை விடணும்னாலும், அதுல ஒரு சொம்பு ஊர் முன்னால குடிக்கணும். அதுக்குப் பேருதான் வாழவந்தா சொம்பு.

போன வருஷம் கோழிப்பண்ணை வைக்க ஒருத்தர் வந்தாரே, கழிவுக் குழாயை ஏரியில விட்டுக்கறேன்னு. "வேற ஊருல உங்களுக்கு இருக்கற பண்ணைத் தண்ணி ஒரு சொம்பு கொண்டாங்க"ன்னு கேட்டோம். சிரிச்சாரு. நம்ம ஆளுங்க யாரும் சிரிக்கலை. எழுந்து போயிட்டாரு.

இப்ப பக்கத்து ஊரு மேல்தாங்கல்ல பண்ணை நடக்குது. குழாயை அந்த ஊரு ஏரியில விட்டிருக்காரு. அங்க இப்படி ஒரு கட்டு கெடையாது. அந்த ஏரி நெறைஞ்சு கோடி வழியா வழிஞ்சா, தண்ணி நம்ம ஏரிக்குத்தான் வருது.