கமலவேணியின் காக்கிப் பேண்ட்டும் லீலாவதியின் பொறாமையும்

கனன்றெரியும் சூளைக்கும் கண்டவர் பேச்சுக்கும் கலங்காத எங்கள் ஆய்வுக்கூடத் தலைவி, அரியலூர்ச் சீமையின் சிமெண்ட் ஆலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் அரும்பணியாற்றி இன்று ஓய்வுபெறும் கமலவேணி அம்மையீர், வணக்கம்.

இம்மடலை எழுதி வாசிக்கும் பொறுப்பை, தங்களுடன் ஒரே நாளில் பணியில் சேர்ந்த லீலாவதியிடம் ஒப்படைத்தோம். தன்னைப் பற்றியும் சொல்ல வேண்டியிருப்பதால், தன்னையும் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்.

அந்நாளில் சேலை உடுத்திய பெண்களுக்கு ஆய்வுக்கூடத்துக்கு வெளியே வேலை இல்லை. எந்திரத்தில் முந்தானை சிக்கும் என்றார்கள். சூளைக் கோபுரத்தில் ஏறி மாதிரி எடுப்பவர்களுக்கே பதவி உயர்வு என்றும் சொன்னார்கள். ஐந்தாண்டுகள் பொறுத்த தாங்கள், மேலாளர் ராஜவேலிடம் போய் நின்றீர்கள்.

"சேலதான் தடைன்னா சேலைய மாத்திக்கிறோம் சார். ஆம்பளைங்களுக்குக் குடுக்குற பேண்ட் சட்டைய எங்களுக்கும் குடுங்க."

இருவருக்கும் காக்கித் துணி கிடைத்தது. ஊர் வாய்க்கு அஞ்சிய லீலாவதி தன் துணியைப் பீரோவில் பூட்டினார். தாங்களோ ஆலைக்கு வந்து உடை மாற்றி, கைவீசி நடந்து, கோபுரப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினீர்கள். சன்னல் வழியே பார்த்த லீலாவதிக்கு வயிறு எரிந்தது. தான் வேண்டாமென்று ஒதுக்கியதில் இன்னொருத்தி இவ்வளவு அழகாக நடப்பாள் என்று அவர் நினைக்கவே இல்லை.

ஒருநாள் செந்துறை பஸ்ஸில் தங்கள் மாமியார் கலியம்மாளைக் கண்டதும் லீலாவதிக்கு வாய் நிற்கவில்லை.

"ஒங்க மருமவ ஆம்பளையாட்டம் பேண்ட் மாட்டிக்கிட்டு கோபுரம் ஏறுறா. ஒங்களுக்குத் தெரியாதா அத்தை?"

பதினொரு நாள் தாங்கள் வேலைக்கு வரவில்லை. வீட்டில் பெரிய சண்டை, வேலையை விடச் சொல்லிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அத்தனை நாளும் லீலாவதி நிம்மதியாகத் தூங்கினார். இதை எழுத அவருக்குக் கை கூசுகிறது.

பன்னிரண்டாம் நாள் செந்துறை பஸ்ஸிலிருந்து தாங்கள் இறங்கியபோது, வீட்டிலிருந்தே பேண்ட் சட்டையோடு வந்திருந்தீர்கள்.

"இனிமே மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல லீலா" என்றீர்கள்.

பிறகு ஷிப்ட் பொறுப்பாளரானீர்கள். எங்கள் தலைவியும் ஆனீர்கள். இன்று ஒன்பது பெண்கள் அக்கோபுரத்தில் ஏறுகிறார்கள். சேர்ந்த அன்றே அவர்களுக்குச் சீருடை வருகிறது. யாரும் கேட்டு நிற்பதில்லை. லீலாவதி மட்டும் அதே மேசையில், தங்கள் கையெழுத்துக்காகத் தாள்களை நீட்டிக்கொண்டிருந்தார்.

சென்ற வாரம் சாப்பாட்டு நேரத்தில் அவர் எல்லாவற்றையும் சொல்லி அழுதார். தாங்கள் டிபன் பாக்ஸை மூடியபடி சொன்னீர்கள்:

"அன்னைக்கே எங்க மாமியா சொல்லிட்டாங்க. நீயா சொல்லுவேன்னு இருந்தேன். கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

இருபத்தொன்பது ஆண்டுகள் தெரிந்தே இருந்தும் தாங்கள் ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. மன்னிப்புக் கிடைத்தும் லீலாவதிக்குப் பொறாமை தீரவில்லை. முன்பு தங்கள் நடையின் மீது இருந்தது, இப்போது தங்கள் மனத்தின் மீது இருக்கிறது.

உடல்நலம் குன்றாமல், உள்ளம் சோராமல், விரும்பியதை உடுத்தி விரும்பிய திசையெல்லாம் சென்று நெடுங்காலம் வாழ்ந்திருங்கள் அம்மையீர்.

தங்கள் அன்பில் வளர்ந்த
ஆய்வுக்கூடப் பணியாளர்கள்

எழுதி வாசித்தவர்: லீலாவதி