ஓரத்துச் சிப்பாய்

— தின்னுடுச்சு பார்த்தியா! ஓரத்துல ஒத்தைச் சிப்பாயை விட்டுவெச்சேன். உங்க கம்பெனி செஸ் மிஷினோட ராணி நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு ஓடி வந்து தின்னுடுச்சு. இனி அது வெளியே வர வழி? கிடையாது.

— டீ ஆறுதுப்பா.

— கிடக்கட்டும். போன வருஷப் பெட்டியும் இதே சிப்பாயைத்தான் தின்னுச்சு. அதுக்கு முந்தினதும்தான். இதுல என்னம்மா புதுசு?

— சிப்பு புதுசு. பழசைவிடப் பத்து மடங்கு வேகம்.

— ஓஹோ, பத்து மடங்கு வேகமா வந்து குழியில விழும்! சபாஷ். இதுக்கு ஒரு கம்பெனி, ஏசி ரூம். அதுல உட்கார்ந்து புரோகிராம் எழுத என் அருமைப் பொண்ணு. செஸ் கிளப்புல கேட்டா நீ டைப்பிஸ்ட்னு சொல்லிவெச்சிருக்கேன். இதுக்கு அது எவ்வளவோ கௌரவம்.

— மெதுவாப் பேசுங்க. உள்ள அம்மா காதுல விழும்.

— விழட்டுமே. உங்கம்மாவுக்குக் குதிரைக்கும் கழுதைக்கும் வித்தியாசம் தெரியாது. சரி, சனிக்கிழமை உங்க ஷோரூம்ல விழாவாமே? 'மிஷினை ஜெயிக்க வாங்க'ன்னு போர்டு வேற. பேர் குடுத்துட்டேன்.

— நீங்களா? எதுக்கு?

— எதுக்கா? கிளப்பையே கூட்டிட்டு வர்றேன். அத்தனை பேர் முன்னாடியும் இதோட மானத்தை வாங்கறேன். தோத்தா இனிமே காயைத் தொடமாட்டேன்னு சவால் விட்டிருக்கேன்.

— ஐயோ, வேணாம்ப்பா. பேரை எடுத்துடுங்க.

— ஏன், வேலை போயிடும்னு உதறுதா? போகட்டும். இந்த மண்ணாங்கட்டியைக் கட்டிக்கிட்டு அழறதுக்கு நாலு பிள்ளைங்களுக்கு டியூஷன் எடு.

— என் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. ஷோரூம்ல இருக்கறது அந்தச் சிப்பாயைத் தொடாது. உங்களைக் கதறவிட்டுடும்.

— உளறாதே. அதே பெட்டி, அதே சிப்புதானே?

— அதேதான். ஆனா முன்னே ஒரு வருஷம் வந்த பெட்டிகிட்ட வரிசையா தோத்தீங்களே, ஞாபகம் இருக்கா? ஒரு வாரம் அம்மாகிட்ட எரிஞ்சு விழுந்தீங்க. சாப்பாட்டுத் தட்டு பறந்துச்சு.

— அது ரிப்பேரான மிஷின். நீயே சொன்னே.

— அப்படிச் சொல்லச் சொன்னது அம்மா. அன்னிலேருந்து எந்தப் புதுப் பெட்டி வந்தாலும், உங்களுக்குன்னு தனியா, அந்தச் சிப்பாயைத் தின்னுற பழைய புரோகிராமையே ஏத்திக் கொண்டு வர்றேன்.