கல்லின் பின்பக்கம்

மாலை ஆறரை தாண்டிவிட்டது. பாகூர் ஏரிக்கரைச் சாலை... மழை பெய்து ஓய்ந்த நேரம். ஒரு வண்டி இல்லை, ஆள் இல்லை. கரைக்குக் கீழே கருவேல மரங்களுக்கு நடுவில் ஆளுயரப் பலகைக்கல் ஒன்று நிற்கும். அதன் முன்னால் ஆரோக்கியசெல்வி மட்டும் தனியாக.

நம்ம பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் நாத்தனார்தான். பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறை ஆய்வு மாணவி. கணவன் அருள்தாஸ் அதே துறையில் கல்வெட்டுப் பாடம் எடுத்தவன். எம்.ஏ. படிக்கும்போதே பழக்கம். ஊர் ஊராகச் சேர்ந்து போய்க் கல்வெட்டுகளைத் தாளில் மை ஒற்றிப் படியெடுப்பார்கள். ஆவணியில் ஒரு நாள், வகுப்பு முடித்து அவன் வண்டியில் திரும்பும்போது, கிருமாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு லாரி... அவ்வளவுதான்.

அவள் ஆய்வுக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு கல். வேறு யாரையாவது அனுப்புகிறேன் என்று துறைத்தலைவர் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

கல்லைக் கழுவி, நனைத்த தாளை எழுத்துகளின் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்துக்கொண்டிருந்தாள். தட்... தட்... தட்... கை ஓய்ந்து நிறுத்தினாள்.

சத்தம் நிற்கவில்லை.

கல்லுக்கு அந்தப் பக்கம்... தட்... தட்... கூடவே மை வாடை. அவள் மைப் புட்டியை இன்னும் திறக்கவே இல்லை.

பயம் வரவில்லையாம். பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

“அருளு... நீயாடா?”

சத்தம் நின்றது. தவளைகூடக் கத்தவில்லை.

“வூட்டுக்கு வந்துடுடா. என்னால முடியல.”

 அண்ணன், ஸ்டெல்லாவின் கணவர் அந்தோணிசாமி தேடிக்கொண்டு வரும்வரை கல்லில் சாய்ந்து அழுதாள். அவர் டார்ச்சைச் சுற்றிலும் அடித்தார்.

“பின்னாடி யாரும்மா தாள் ஒட்டனது?”

பின்பக்கம் எழுத்தே கிடையாது, வழவழவென்று வெறுங்கல். அதில் மை ஒற்றிய ஒரு தாள், ஈரமாக. உரித்துப் பார்த்தார்கள். கருப்புக்கு நடுவே வெள்ளையாக ஓர் உள்ளங்கை, விரல் விரித்தபடி. கல்லில் பள்ளம் இருந்தால்தான் அப்படி விழும். அந்தோணிசாமி தடவித் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. அவளோ அந்தக் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு நின்றாள். யார் கை என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு முன்பக்கத்துக் கல்வெட்டை அவள் தொடவே இல்லை. ஆய்வும் அப்படியே நின்றுபோனது. மாதம் ஒருமுறை போய், அந்த வெறுங்கல்லில் தாளை ஒட்டி அடிப்பாள். அதே கை விழும். அண்ணன் தடுத்துப் பார்த்தார்.

“அவுரு அங்கதாண்ணே இருக்காரு,” என்றாள்.

ஒன்றை மட்டும் அவள் அப்போது யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அருள் இறந்த அன்று காலையில்தான் தான் கர்ப்பம் என்று அவளுக்கே தெரிந்தது. சாயங்காலம் அவன் வந்ததும் சொல்லலாம் என்றிருந்தாள். காரியம் முடிவதற்குள் அதுவும் கலைந்துபோயிற்று. அவனுக்குத் தெரியவே தெரியாது.

போன மாதம் தாளை உரித்தபோது... விரிந்திருந்த விரல்கள் மடங்கியிருந்தன, எதையோ பத்திரமாகப் பொத்தி வைத்ததுபோல. உள்ளே இன்னொரு கை. ஐந்து விரலும் தெளிவாக.

புளியங்கொட்டை அளவுதான் இருந்ததாம்.